'ஒன்லி' தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவர் கணக்கு எழுதும் அலுவலகத்தில் இருக்கிறார். ஒரு நாள் குழம்பிப்போய் வந்தார். லண்டனில் இருக்கும் வாடிக்கையாளரிடம் போனில், "ஐ வில் சென்ட் த ஃபைல் டுமாரோ ஒன்லி" என்று சொல்லியிருக்கிறார். 'நாளைக்கே அனுப்பிவிடுகிறேன், தள்ளிப்போட மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்ததாக இவர் நினைப்பு. அந்தப் பக்கம் இருந்தவரோ, "நாளைக்கு மட்டும்தான் முடியுமா? நாளைக்கு நான் ஊரில் இல்லையே, மறுநாள் அனுப்பக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். கடை வாசலில் 'டுடே ஒன்லி' என்று தள்ளுபடிப் பலகை தொங்குமே, அதைப் படிக்கிற மாதிரிதான் அவர் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார்.

இருவர் மீதும் குறையில்லை. சின்னச் சொல் ஒன்று நடுவழியில் பொருள் மாறிவிட்டது. எங்கள் வகுப்பில் மிக அதிகமாகக் காதில் விழும் சொல்லும் இதுதான், மிக அதிகமாகக் குழப்பும் சொல்லும் இதுதான். அதனால் 'ஒன்லி' எங்கெல்லாம் மக்கர் பண்ணுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதை மாற்றினால் சரியாகும் என்று அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். இந்தச் சிக்கலில் பாதி, காதுக்குத்தான் பிடிபடும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

நீங்கள் சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். அதில் 'மட்டும்' வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 'தான்' வந்தாலோ, 'நாளைக்கே', 'இங்கேயே' என்று ஏகாரம் வந்தாலோ நிதானியுங்கள். அந்த வாக்கியத்தின் கடைசியில் 'வேறு எதுவும் இல்லை' அல்லது 'வேறு யாரும் இல்லை' என்று சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் 'ஒன்லி' போடலாம். ஒட்டாவிட்டால் போடக் கூடாது.

"நூறு ரூபாய்தான் இருக்கு." அதற்குமேல் இல்லை. ஒட்டுகிறது. "ஐ ஹேவ் ஒன்லி எ ஹண்ட்ரட் ருபீஸ்."

"ஹலோ, நான் குமார்தான் பேசுறேன்." வேறு யாரும் பேசவில்லையா? அதையா சொல்ல வந்தோம்? ஆள் யார் என்று உறுதிப்படுத்துகிறோம், அவ்வளவுதான். இங்கே 'ஒன்லி' உதவாது. "திஸ் இஸ் குமார்" போதும்.

இந்தச் சோதனை நான் கண்டுபிடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஏகாரத்துக்கு என்னென்ன பொருள் உண்டு என்று தொல்காப்பியம் ஐந்து சொல்கிறது, நன்னூல் ஆறு சொல்கிறது. இரண்டு பட்டியலிலும் பிரிநிலை என்று ஒன்று, தேற்றம் என்று ஒன்று, தனித்தனியாக இருக்கின்றன. 'அவருள் இவனே கள்வன்' என்பது பிரிநிலை. கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்து நிறுத்தி மற்றவர்களை விலக்குகிறது. 'உண்டே மறுமை' என்பது தேற்றம். எதையும் விலக்கவில்லை, உண்டு என்பதை அழுத்தி உறுதி சொல்கிறது. இன்றைய பேச்சில் 'தான்' இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ஆங்கில 'ஒன்லி'க்குப் பிரிநிலை மட்டுமே தெரியும், தேற்றம் தெரியாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்லிச்'. 'ஆன்' என்றால் ஒன்று. 'ஒன்று போன்ற', 'ஒற்றையான' என்பதுதான் மூலப்பொருள். ஒன்று என்ற எண்ணைப் பின்னால் 'வன்' என்று உச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் 'ஒன்லி', 'அலோன்' இரண்டிலும் பழைய ஓசை அப்படியே தங்கிவிட்டது. 'அலோன்' என்பதும் 'ஆல்', 'ஒன்' சேர்ந்து பிறந்ததே. ஆக, 'ஒன்லி'யின் வயிற்றில் இருப்பது ஓர் எண். நம்முடைய 'தான்' வந்த வழி வேறு. அது 'தன்னை', 'தனக்கு' என்று ஒன்றின் சொந்த இருப்பைச் சுட்டும் சொல்லாகவும் இருப்பது. எண்ணிலிருந்து வந்த சொல்லை வைத்து அந்த இருப்பைச் சொல்லப் பார்க்கிறோம்.

அறிகுறி: வாக்கியத்தின் வாலில் 'ஒன்லி' தொங்குகிறது

"ஐ ஆம் ஃப்ரம் மதுரை ஒன்லி." "ஹீ இஸ் மை பிரதர் ஒன்லி." "த கீ இஸ் ஹியர் ஒன்லி." "லைக் தட் ஒன்லி."

நமக்குள் இப்படிப் பேசிக்கொள்வதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். இந்தியா முழுக்க இப்படிப் பேசுகிறார்கள். இந்தியில் 'ஹீ' என்ற ஒட்டு நம் ஏகாரத்தைப் போலவே விலக்கவும் செய்யும், அழுத்தவும் செய்யும். அதனால் அங்கேயும் இதே 'ஒன்லி' பிறந்திருக்கிறது. மொழியியலாளர்கள் இதை இந்திய ஆங்கிலத்தின் ஓர் இயல்பாகவே எழுதுகிறார்கள். சென்னையிலிருந்து டில்லிக்குப் போன் செய்து "ஹீ இஸ் இன் மீட்டிங் ஒன்லி" என்றால் ஒரு குழப்பமும் வராது. கேட்பவர் இந்தியாவுக்கு வெளியே இருக்கும்போதும், எழுத்தில் ஒப்பந்தம், பணம், தேதி வரும்போதும்தான் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

சரிசெய்ய ஒரே மாற்றுச் சொல் கிடையாது. பலரும் இங்கேதான் சலித்துப்போகிறார்கள். 'ஒன்லி'யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் எதையுமே வைக்க வேண்டாம். நாம் ஒட்டைச் சேர்த்து அழுத்தும் இடத்தில் ஆங்கிலம் குரலை உயர்த்தி அழுத்துகிறது. "அவர்தான் மேனேஜர்" என்பதற்கு "ஹீ இஸ் த மேனேஜர்" என்று 'ஹீ'யின் மேல் குரலை ஏற்றிச் சொன்னால் போதும். சொல் அங்கே இல்லை, அழுத்தம் இருக்கிறது. இதை எழுதிக் காட்டுவது கடினம், கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

குரல் போதாத இடத்தில், அதாவது எழுத்தில், நம் 'தான்' எதற்காக வந்தது என்று பார்த்து மாற்ற வேண்டும். ஆளைச் சுட்டுகிறதா? "நான்தான் அவரிடம் சொன்னேன்" என்பது "ஐ வாஸ் த ஒன் ஹூ டோல்ட் ஹிம்." இடத்தைச் சுட்டுகிறதா? "சாவி இங்கேதான் இருக்கு" என்பது "த கீ இஸ் ரைட் ஹியர்." ஒத்துப்போகிறோமா? "நானும் மதுரைதான்" என்பது "ஐ ஆம் ஃப்ரம் மதுரை டூ." மறுத்துப் பேசியவருக்குப் பதில் சொல்கிறோமா? "நான் அனுப்பத்தான் செஞ்சேன்" என்பது "ஐ டிட் சென்ட் இட்." அந்த 'டிட்', தேற்ற ஏகாரத்துக்கு ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த மிக நெருங்கிய உறவு. அதை அதிகம் பயன்படுத்துங்கள் என்று வகுப்பில் வற்புறுத்துவேன். "அப்படித்தான்" என்று பெருமூச்சோடு சொல்வதற்கு "தட்ஸ் ஜஸ்ட் ஹௌ இட் இஸ்" பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை. 'ஒன்லி' தப்பு என்று தெரிந்ததும் சிலர் 'இட்செல்ஃப்'புக்குத் தாவுகிறார்கள். "ஐ வில் சென்ட் இட் டுமாரோ இட்செல்ஃப்." இது அதே கோளாறின் இன்னொரு முகம். 'தான்' என்பதன் 'தன்னை' பக்கத்தை அப்படியே பெயர்த்துவிட்டோம். நாளைக்கே என்று உறுதி சொல்ல, "ஐ வில் டெஃபினிட்லி சென்ட் இட் டுமாரோ" என்று சொல்லுங்கள். காலையிலேயே என்றால் "ஃபர்ஸ்ட் திங் டுமாரோ". அந்தக் கணக்கு அலுவலக நண்பர் இப்போது "யூ வில் ஹேவ் இட் பை டுமாரோ ஈவினிங்" என்று சொல்லப் பழகியிருக்கிறார். எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. அதில் வாக்குறுதியோடு நேரமும் சேர்ந்துவிட்டது.

வாலில் 'ஒன்லி' வருவது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அறிவிப்புப் பலகைகள்: 'லேடீஸ் ஒன்லி', 'ஸ்டாஃப் ஒன்லி', 'மெம்பர்ஸ் ஒன்லி'. காசோலையில் எழுதும் 'ருபீஸ் டென் தவுசண்ட் ஒன்லி'யும் அப்படித்தான். அங்கே அது தொகைக்குப் பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுத முடியாமல் கதவைச் சாத்துகிறது. ரசீதில் 'ரூபாய் பத்தாயிரம் மட்டும்' என்று எழுதுகிறோமே, அதே காவல். கவனியுங்கள், இவை எல்லாமே 'மட்டும்', எல்லாமே பிரிநிலை.

அறிகுறி: "நீ வந்தால்தான் போவேன்" என்றேன், "நான் மட்டும் போவேன்" என்று கேட்டார்கள்

இதை நான் தனியாக எழுதக் காரணம், இதில் பொருள் தலைகீழாகவே போய்விடும்.

"இஃப் யூ கம் ஒன்லி ஐ வில் கோ." தமிழில் 'வந்தால்' என்பதோடு 'தான்' ஒட்டிக்கொள்கிறது. அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கினால் 'கம்' என்ற சொல்லுக்கும் 'ஐ' என்ற சொல்லுக்கும் நடுவில் 'ஒன்லி' வந்து நிற்கிறது. தமிழ் ஒட்டு தனக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பிடிக்கும். ஆங்கில 'ஒன்லி' பெரும்பாலும் தனக்குப் பின்னால் வரும் சொல்லைப் பிடிக்கும். அதனால் 'வந்தால்' என்பதைப் பிடிக்க வேண்டியது 'நான்' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. நீ வந்தால், நான் மட்டும் போவேன். கேட்டவர் விழிக்கிறார்.

திருத்தம் எளிது. 'ஒன்லி'யை 'இஃப்'புக்கு முன்னால் கொண்டுவந்து ஒட்டுங்கள், நிபந்தனையை இரண்டாவது பாதிக்குத் தள்ளுங்கள். "ஐ வில் கோ ஒன்லி இஃப் யூ கம்." அதேபோல, "டாக்டர் சொன்னால்தான் மாத்திரையை நிறுத்தணும்" என்பது "ஸ்டாப் த டேப்லெட்ஸ் ஒன்லி இஃப் த டாக்டர் டெல்ஸ் யூ." "சாப்பிட்ட பிறகுதான் குடிக்கணும்" என்பது "டேக் இட் ஒன்லி ஆஃப்டர் ஃபுட்." மருந்து விஷயத்தில் இந்த இடமாற்றம் விளையாட்டில்லை. வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை மட்டும் ஒரு முழு மணி நேரம் பயிற்சி கொடுப்பேன்.

இங்கே தர்க்கமும் இருக்கிறது. 'படித்தால் பாஸ் ஆவாய்' என்பது ஒரு வாக்குறுதி. படிப்பு போதும். 'படித்தால்தான் பாஸ் ஆவாய்' என்பது ஒரு தடை. படிக்காவிட்டால் வழியில்லை என்று மட்டும் சொல்கிறது, படித்தவன் கட்டாயம் பாஸ் ஆவான் என்று சொல்லவில்லை. 'இஃப்' முதலாவது, 'ஒன்லி இஃப்' இரண்டாவது. கணிதத்தில் இரண்டையும் சேர்த்து 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்று ஏன் அவ்வளவு நீட்டி எழுதுகிறார்கள் என்பது இதைக் கண்டுகொண்டால் தெளிவாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உண்மை என்று சொல்ல இரண்டு தனிச் சொற்கள் தேவைப்படுகின்றன.

இதில் இன்னொரு குழி: 'ஒன்லி இஃப்', 'இஃப் ஒன்லி' ஆகிவிடக் கூடாது. 'இஃப் ஒன்லி' என்பது நிபந்தனையே இல்லை, அது ஏக்கம். "இஃப் ஒன்லி ஐ ஹாட் நோன்" என்றால் 'எனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா!' பாருங்கள், தமிழிலும் இந்த ஏக்கத்தில் 'மட்டும்' தானாக வந்து சேர்கிறது. மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் இரண்டு மொழியும் ஒன்றாக நடக்கும் இடம் இது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அறிகுறி: பெருமையாகச் சொன்னது இளக்காரமாகப் போய் விழுந்தது

"ஷீ இஸ் ஒன்லி அவர் ஹெட்மிஸ்ட்ரஸ்" என்று ஒரு பெண் தன் பள்ளிக்கு வந்த விருந்தினரிடம் சொன்னார். 'இவங்கதான் எங்க தலைமையாசிரியை' என்று மரியாதையோடு அறிமுகம் செய்ததாக அவர் எண்ணம். ஆங்கிலத்தில் அது 'இவங்க வெறும் தலைமையாசிரியைதான்' ஆகிவிட்டது.

'ஒன்லி' ஒரு பெயருக்கோ பதவிக்கோ எண்ணுக்கோ முன்னால் வந்தால் 'அவ்வளவுதான், அதற்குமேல் இல்லை' என்று அளவைக் குறைக்கும். "ஒன்லி எ கிளார்க்", "ஒன்லி எ சைல்ட்", "ஒன்லி டூ மார்க்ஸ்". அதனால் மனிதர்களை அறிமுகம் செய்யும்போது இந்தச் சொல்லை முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து. "திஸ் இஸ் அவர் ஹெட்மிஸ்ட்ரஸ்." போதும். தன்னைப் பற்றிச் சொல்லும்போதும்தான். "ஐ ஆம் ஒன்லி எ ஹவுஸ்வைஃப்" என்று சொல்லிவிட்டு உட்காருகிற பெண்களை எழுப்பி, 'ஒன்லி' இல்லாமல் மறுபடி சொல்லச் சொல்வேன். அது இலக்கணத் திருத்தம் இல்லை. ஆனாலும் செய்வேன்.

இதோடு சேர்ந்த ஒரு சின்னப் பிசகு. "ஹீ இஸ் ஒன்லி த டாக்டர் இன் திஸ் வில்லேஜ்" என்பது வரும். இந்த ஊருக்கு ஒரே டாக்டர் அவர் என்று சொல்ல நினைத்தது. 'ஒரே' என்ற பொருள் வேண்டுமானால் 'த' முன்னாலும் 'ஒன்லி' பின்னாலும் நிற்க வேண்டும்: "ஹீ இஸ் த ஒன்லி டாக்டர் இன் திஸ் வில்லேஜ்." மாற்றி வைத்தால் ஒரே டாக்டர் வெறும் டாக்டர் ஆகிவிடுவார். "மை ஒன்லி சன்" என்றால் என் ஒரே மகன். "ஒன்லி மை சன்" என்றால் என் மகன் மட்டும். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் இந்த இரண்டும் இடம் மாறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அறிகுறி: எழுதினால் இரண்டு பொருள் வருகிறது

தமிழில் 'மட்டும்' எந்தச் சொல்லின் பின்னால் நிற்கிறதோ அந்தச் சொல்லுக்கே சொந்தம். கமலா மட்டும், ரவிக்கு மட்டும், பணம் மட்டும். சந்தேகத்துக்கு இடமேயில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒட்டுதல் கிடையாது. இடத்தை வைத்துத்தான் பொருள்.

"ஒன்லி கமலா கேவ் ரவி மனி" என்றால் கொடுத்தவள் கமலா மட்டும். "கமலா கேவ் ஒன்லி ரவி மனி" என்றால் வாங்கியவன் ரவி மட்டும். "கமலா கேவ் ரவி ஒன்லி மனி" என்றால் பணம் மட்டும், துணி, அரிசி எதுவும் இல்லை. இந்த மூன்றும் தெளிவு. தொல்லை தருவது நான்காவது: "கமலா ஒன்லி கேவ் ரவி மனி." ரவிக்கு மட்டுமா, பணம் மட்டுமா, கொடுத்தாள் ஆனால் திரும்ப வாங்கவில்லை என்பதா? பேச்சில் எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறதோ அது பதில் சொல்லிவிடும். தாளில் குரல் இல்லை.

ஆங்கிலேயர்களே இதைப் பற்றி நெடுங்காலமாக வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தன் இலக்கண நூலில், 'மூன்றே வார்த்தை பேசினேன்' என்று சொல்ல வந்தவர்கள் வினைக்கு முன்னால் 'ஒன்லி'யைப் போடுவதைக் குறையாகச் சொல்லி, அது 'மூன்று' என்பதன் அருகே நிற்க வேண்டும் என்றார். 1926இல் வந்த ஃபௌலரின் பயன்பாட்டு அகராதி அப்படிக் கறாராக இருப்பவர்களோடு முரண்பட்டது. பொருள் குழம்பாத இடத்தில், பேச்சு வழக்கில் வினைக்கு முன்னால் வருவதை ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் ஃபௌலர் கட்சி, ஆனால் பேச்சில் மட்டும். "ஐ ஒன்லி ஸ்லெப்ட் ஃபோர் அவர்ஸ்" என்று சொல்பவரை நிறுத்தித் திருத்துவது வீண் வேலை. அப்படித்தான் இயல்பாகப் பேசுகிறார்கள்.

எழுத்தில், அதிலும் பணம், மருந்து, விதிமுறை, ஒப்பந்தம் என்று வந்தால் நான் லௌத் பக்கம் போய்விடுவேன். எதை வரையறுக்கிறீர்களோ அதன் முன்னால் ஒட்டினாற்போல் வையுங்கள். எழுதி முடித்ததும் விரலை 'ஒன்லி'யின் மேல் வைத்து அடுத்த சொல்லைப் படியுங்கள். அந்தச் சொல்லோடு தமிழில் 'மட்டும்' சேர்த்தால் நீங்கள் நினைத்த பொருள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நகர்த்துங்கள்.

'நாட் ஒன்லி, பட் ஆல்சோ' ஜோடிக்கும் இதே விதி. இரண்டுக்கும் பின்னால் ஒரே வகைச் சொல் வர வேண்டும். "ஷீ ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ தெலுகு" சரி. "ஷீ நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ தெலுகு" என்றால் ஒரு கால் வினையிலும் இன்னொரு கால் பெயரிலும் நிற்கிறது.

அறிகுறி: 'நேற்றுதான் வந்தார்' என்பதற்கும் 'ஒன்லி' கூடாதா?

கூடும். பயந்துபோய் எல்லா இடத்திலும் எடுத்துவிடாதீர்கள். காலத்தைப் பற்றிப் பேசும்போது 'தான்' பெரும்பாலும் 'அதற்கு முன்னால் இல்லை' என்று விலக்குகிறது. பிரிநிலைதான், அதனால் செல்லும். காலச் சொல்லுக்கு முன்னால் வைத்தால் போதும். "ஹீ கேம் ஒன்லி யெஸ்டர்டே." வரப்போவதைச் சொல்வதானால், "ஹீ வோன்ட் கம் அன்டில் டுமாரோ" என்பது 'நாளைக்குத்தான் வருவார்' என்பதை இன்னும் இயல்பாகச் சொல்லும். "இப்பதான் சாப்பிட்டேன்" என்பதற்கு மட்டும் 'ஜஸ்ட்': "ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்."

அறிகுறி: 'ஒன்லி'யில் தொடங்கிய வாக்கியத்தில் சிவப்பு மை

"ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் 'பிழை எங்கே' என்ற கேள்வியில் திணறும் வாக்கியம் இது. பார்க்க ஒரு குறையும் தெரியாது.

எப்போது, எங்கே, எப்படி என்பதற்குப் பதிலாக வரும் பகுதியை 'ஒன்லி'யோடு சேர்த்து முன்னால் தூக்கி வைத்தால், பின்னால் வரும் வாக்கியம் கேள்வி கேட்பதுபோலத் திரும்பிக்கொள்ளும். "ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்." "ஒன்லி இன் மதுரை கேன் யூ கெட் திஸ்." 'டிட் ஐ', 'கேன் யூ' என்று கேள்வியின் வரிசை வருகிறது, கேள்விக்குறி வராது.

யார், எது என்பதற்குப் பதிலாக எழுவாயே 'ஒன்லி'யோடு வந்தால் திருப்ப வேண்டாம். "ஒன்லி கமலா அண்டர்ஸ்டுட்."

நடுவில் ஒரு துணை வாக்கியம் வந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். "ஒன்லி ஆஃப்டர் ஹீ லெஃப்ட் டிட் ஐ ரீட் த லெட்டர்." 'ஹீ லெஃப்ட்' அப்படியே இருக்கும், முக்கிய வாக்கியம்தான் திரும்பும். எதைத் திருப்புவது என்று குழம்பினால் முழுவதையும் சாதாரண வரிசையில் வைத்துவிடுங்கள்: "ஐ ரெட் த லெட்டர் ஒன்லி ஆஃப்டர் ஹீ லெஃப்ட்." பேச்சுக்கு இதுவே நல்லது. திருப்பிச் சொல்வது மேடைக்கும் கட்டுரைக்கும் உரியது.

அறிகுறி: மற்றவர் சொன்ன 'ஒன்லி' நமக்குப் புரியவில்லை

"ஐ வுட் பி ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்" என்று பதில் வந்தால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மிக்க மகிழ்ச்சியோடு உதவுகிறேன் என்று பொருள். "ஐ ரேன் டு த ஸ்டேஷன், ஒன்லி டு ஃபைண்ட் த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்" என்றால், ஓடிப்போனேன், போய்ப் பார்த்தால் வண்டி போய்விட்டிருந்தது. ஏமாற்றத்தைச் சொல்லும் 'ஒன்லி' அது. "ஐ வுட் கம், ஒன்லி ஐ ஹேவ் நோ டைம்" என்பதில் அது 'ஆனால்' என்ற வேலையைச் செய்கிறது. இவற்றை நீங்கள் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஒரு முழுக் கடிதம்

வகுப்பில் ஒருவர் திருத்தக் கொண்டுவந்த கடிதத்தை, ஊரும் பொருளும் தெரியாதபடி மாற்றித் தருகிறேன். ஐந்து வரி, ஐந்து 'ஒன்லி'.

"ஐ ஆம் ஒன்லி ஹேண்ட்லிங் யுவர் ஆர்டர். த பார்சல் இஸ் இன் அவர் கோடவுன் ஒன்லி. வீ காட் யுவர் பேமென்ட் யெஸ்டர்டே ஒன்லி. இஃப் யூ சென்ட் த ஃபுல் அட்ரஸ் ஒன்லி வீ கேன் டெஸ்பாட்ச். வீ ஒன்லி சார்ஜ் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் ஃபார் டெலிவரி."

முதல் வரியில் 'நான்தான் உங்க ஆர்டரைப் பார்த்துக்கறேன்' என்று பொறுப்பேற்கிறார். தேற்றம். ஆனால் இப்போது அது 'உங்க ஆர்டரைப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை' என்று கையை விரிப்பதுபோல் படிக்கிறது. "ஐ ஆம் த ஒன் ஹேண்ட்லிங் யுவர் ஆர்டர்" என்று மாற்றினோம்.

இரண்டாவது, 'எங்க கிடங்கில்தான் இருக்கு, எங்கேயும் போகவில்லை' என்று தைரியம் சொல்வது. இதுவும் தேற்றம். "த பார்சல் இஸ் ஸ்டில் சேஃப் இன் அவர் கோடவுன்." 'சேஃப்' என்பதைச் சேர்த்தது அவர்தான். அந்தத் 'தான்' அங்கே அந்தத் தைரியத்துக்காகவே வந்தது என்று அவரே கண்டுபிடித்தார்.

மூன்றாவது காலம். நேற்றுதான் வந்தது, அதற்கு முன்னால் வரவில்லை. 'ஒன்லி' இருக்கலாம், இடம்தான் மாற வேண்டும். "வீ காட் யுவர் பேமென்ட் ஒன்லி யெஸ்டர்டே."

நான்காவதை இலக்கணப்படி "வீ கேன் டெஸ்பாட்ச் இட் ஒன்லி இஃப் யூ சென்ட் த ஃபுல் அட்ரஸ்" என்று எழுதினால் பிழையில்லை. ஆனால் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவரிடம் 'ஒன்லி இஃப்' என்றால் நிபந்தனை போட்டு மிரட்டுவதுபோல் ஒலிக்கும். முகவரி வந்ததும் அனுப்பிவிடுவோம் என்பதுதானே செய்தி? "வீ வில் டெஸ்பாட்ச் இட் ஆஸ் சூன் ஆஸ் யூ சென்ட் த ஃபுல் அட்ரஸ்" என்று எழுதினோம். தமிழில் 'அனுப்பினால்தான் முடியும்' என்பதைவிட 'அனுப்புங்க, உடனே போட்டுடறோம்' என்பது எவ்வளவு இதமோ அவ்வளவு இதம்.

ஐந்தாவதைப் பேச்சில் விட்டுவிடலாம். எழுத்தில், அதுவும் பணம் என்பதால், தொகைக்கு முன்னால் நகர்த்தினோம். "வீ சார்ஜ் ஒன்லி ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் ஃபார் டெலிவரி." ஐந்தில் இரண்டு 'ஒன்லி' மிஞ்சின. கடிதத்தை அன்று இரவே அனுப்பினார், மறுநாள் காலை முழு முகவரி வந்துவிட்டது.